ஆயில் சூடு நூற்று நாற்பது

அக்டோபர் 20, ஞாயிறு

ரேஸ் டிராக்கில் இன்று ஆறாவது சுற்றிலேயே ஆயில் சூடு நூற்று நாற்பது டிகிரியைத் தொட்டுவிட்டது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டியிருந்தால் என்ஜின் போயிருக்கும். வேறு வழியில்லாமல் உள்ளே வந்து, பானட்டைத் திறந்து வைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற உறவுக்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆறு சுற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் இடது மட்கார்டை உரசிவிட்டுப் போனது. ஓட்டியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சண்டைக்கு வந்தார். மூன்று வளைவுகளாக என் பக்கத்திலேயே வந்தாராம், நான்தான் அவர்மேல் திருப்பினேனாம். பக்கத்தில் ஒரு கார் வந்தால் எனக்குத் தெரியாதா? வாயில் வந்ததைச் சொல்கிறார்கள்.

பென்னி காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஆயில் கூலர் மாட்டாமல் இந்த வண்டியை இனி டிராக்குக்குக் கொண்டுவருவது பாவம் என்றான். பெனடிக்ட் என்று பெயர். சிங்காநல்லூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இந்த மஞ்சள் இரட்டை இருக்கைக் காரை ஜப்பானிலிருந்து இறக்கிய நாளிலிருந்து அவன்தான் இதற்கு வைத்தியன். டிராக்கில் அடுத்த கூட்டம் ஜனவரி ஐந்து. அதற்குள் மாட்டிவிட வேண்டும்.

வாரம் முழுக்க நான் பீளமேட்டில் பம்ப் காஸ்டிங் ஊற்றுகிற நந்தகோபால். பாங்க் மேனேஜருக்கும் யூனியன்காரருக்கும் பதில் சொல்கிற ஆள். அந்த இருக்கையில் பெல்ட் கட்டி உட்கார்ந்தால் மட்டும்தான் நான் யாரோ ஒருவன். அதை விட முடியாது.

அக்டோபர் 23, புதன்

வீட்டுக்காரி சுகந்தி விடாப்பிடியாகக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். மட்கார்டு கோடு அவளுக்கு ஏனோ பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, எங்கே வெளிச்சப் புள்ளி மின்னினாலும் பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் இறுக்கமாக இருந்தது. ஏசி வேறு. எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தேன், அதைப் பற்றி டாக்டர் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளாக்கோமாவாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். இடது கண்ணில் ஓரப் பார்வை அநேகமாக இல்லை, வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, நேர் பார்வை மட்டும் நன்றாக இருப்பதால் இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை என்றார். போனது திரும்பாது. சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான். கார் ஓட்டக் கூடாது.

எந்தக் கார் என்று கேட்டேன். எந்தக் காரும் என்றார்.

அந்தப் பொத்தானை ஒருமுறை எண்ணெய் விட்டுச் சரி பார்க்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 2, சனி

கூலரில் குழாய் வரிசைக் கணக்கு இருக்கிறது. பத்து, பதின்மூன்று, பதினாறு, பத்தொன்பது. இன்டர்நெட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் பெரியதை வாங்கு என்கிறார்கள். பெரியது நல்லது என்பது கல்யாண மண்டபத்துக்குச் சரி, கூலருக்குச் சரியில்லை. ஆயில் ரொம்பக் குளிர்ந்தாலும் கெடுதிதான், கெட்டியாகி பேரிங்குக்குள் போகாது. நான் பதினாறு என்றேன். பென்னி பத்தொன்பது என்றான். இடம் இல்லை, ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதற்குப் போகிற காற்றை இது மறிக்கும் என்று சொல்லிப் பதினாறுக்குக் கொண்டுவந்தேன். இடது டயருக்கு முன்னால், பம்பர் ஓட்டைக்குப் பின்னால் வைப்பதாக முடிவு.

கம்பெனிக்கு இப்போது டிரைவர் வைத்துத்தான் போகிறேன். சுகந்தி ஏற்பாடு. முதுகு வலி என்று ஆபீசில் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

சொட்டு போட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். சமையலறையில் குக்கர் சத்தம், தெருவில் கீரைக்காரி. பிடிக்கவில்லை.

நவம்பர் 9, சனி

ஆயிலை என்ஜினிலிருந்து வெளியே எடுத்து, குளிர வைத்து, திரும்ப உள்ளே விட வேண்டும். அதற்கு ஆயில் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு தட்டைச் சொருகுகிறார்கள். சாண்ட்விச் பிளேட் என்று பெயர். அதில் இரண்டு வகை. ஒன்று வெறும் தட்டு, ஆயில் எந்நேரமும் கூலருக்குப் போகும். இன்னொன்றில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஆயில் எண்பது தொடும்வரை கதவை மூடி வைத்திருக்கும், அப்புறம்தான் திறக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்ணா, தண்டச்செலவு என்றான் பென்னி. மார்கழிக் காலையில் டிராக்கில் வந்து நின்று பார், அப்போது தெரியும் என்றேன். தெர்மோஸ்டாட் வைத்ததே ஆர்டர் போட்டாயிற்று. தட்டைத் திருகுகிற மறையின் அளவை நானே எடுத்தேன். ஒரு சுற்று ஏறி நிற்கிற மறையை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய.

அவன் பேச்சினிடையே, டாக்டர் என்ன சொன்னாருங்ணா என்று கேட்டான். பார்வை ஜோராக இருக்கிறது என்றேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். சுகந்தி அவனிடம் பேசியிருக்கிறாள்.

நவம்பர் 17, ஞாயிறு

ஹோஸ். ரப்பர் மலிவு, ஆனால் சூட்டில் வெடிக்கும். எஃகுப் பின்னல் போட்டது உறுதி, ஆனால் எதன்மேல் உரசினாலும் அதை அறுத்துவிடும். பின்னலுக்குமேல் கறுப்பு நைலான் உறை போட்டதைத் தேர்ந்தெடுத்தோம். முனையில் மாட்டும் யூனியன் இணைப்பு நேரானதா, வளைந்ததா என்பதில் ஒரு மணி நேரம் போனது. வயரை வளைத்து வளைத்து வைத்துப் பார்த்தோம். கூலர் பக்கம் இரண்டும் நேர், என்ஜின் பக்கம் ஒன்று முழு வளைவு, ஒன்று அரை வளைவு. கூலரின் வாய் மேலே பார்த்து இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்று தங்கிவிடும்.

இந்த ஒரு மணி நேரம் வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், இந்த மாதத்தில் இந்த வார்த்தைக்கு வேலை வரவில்லை.

நவம்பர் 28, வியாழன்

கூலர் வந்தது. ஹோஸ் வந்தது. சாண்ட்விச் பிளேட் வரவில்லை. கூரியர்காரனைக் கேட்டால் வீட்டில் கொடுத்தாயிற்று என்கிறான். பென்னியைக் கேட்டால் எனக்கு வரலீங்ணா என்கிறான். சுகந்தியைக் கேட்டால், கார் ஷெட்டில் வைக்கச் சொன்னேன் என்கிறாள். ஷெட்டில் இல்லை. தினமும் பார்க்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

எனக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். தட்டு இல்லாமல் கூலர் மாட்ட முடியாது, கூலர் இல்லாமல் ஜனவரிக்குப் போக முடியாது. நல்ல யோசனைதான். என் பெண்டாட்டி என் மெக்கானிக்கை விலைக்கு வாங்கிவிட்டாள்.

டிசம்பர் 4, புதன்

பென்னியை வரச் சொல்லி, ஷெட்டில் வைத்து, வாயில் வந்தபடி பேசினேன். திருடன் என்றும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவனை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுகந்தி உள்ளே இருந்து வந்தாள். அவளையும் பேசினேன். அவள் என் இடது கையைப் பிடித்து, நான் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்த வொர்க் பெஞ்சின்மேல் வைத்தாள். அட்டைப் பெட்டி. கூரியர் ஸ்டிக்கர்மீது ஒரு வாரத் தூசு.

அங்கே லைட் சரியில்லை. எல்.இ.டி. மாற்றச் சொல்ல வேண்டும்.

பென்னி சாப்பிடாமலே போய்விட்டான்.

டிசம்பர் 5, வியாழன்

பென்னிக்குப் போன் செய்தேன். எடுத்தான். மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள், ஞாயித்துக்கிழமை மாட்டிர்லாங்ணா என்றான். வேறு எதையும் அவன் பேசவிடவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தட்டு உட்கார்ந்துவிட்டது. மறை கச்சிதம். கூலருக்குத் தாங்கு பட்டை நானே வளைத்தேன். ஹோஸ் போகிற வழியை நான் கட்டி வைத்தேன். பென்னி ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, முழுத் திருப்பத்தில் இடது டயர் ஹோஸைத் தேய்க்கும் என்று அவிழ்த்துக் கட்டினான். நானும் அதைச் சொல்லத்தான் இருந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

கார்த்திகை. வாசல்படியில் சுகந்தி ஏற்றி வைத்த அகல் வரிசையில் இடது ஓரத்து விளக்குகளை மிதித்துவிட்டேன். என் வேட்டி நுனி கருகிவிட்டது. அவள் தண்ணீர் ஊற்றினாள், எண்ணெயைத் துடைத்தாள், புது அகல் எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தாள். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றில் விழுந்திருச்சுங்க என்று அவரிடம் சொன்னாள்.

அதற்குத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

டிசம்பர் 11, புதன்

நேராகப் பார்த்துக்கொண்டே, கையைக் காதுப் பக்கமாக நீட்டி விரலை ஆட்டிப் பார்த்தேன். எப்போது தெரிய ஆரம்பிக்கிறது என்று.

கழுத்து வலி.

டிசம்பர் 15, ஞாயிறு

பயமாக இருக்கிறது. ஒருமுறை எழுதிவிட்டேன், திரும்ப எழுத மாட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆயில் ஊற்றினோம். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கூலரும் ஹோஸும் காலியாக இருக்கும், அது நிறையும்வரை என்ஜின் வறண்டு சுற்றும். பிளக்கைக் கழற்றிவிட்டு வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டு, பிரஷர் முள் ஏறியபிறகுதான் உயிர் கொடுத்தோம். எங்கும் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஷெட்டில் நின்றபடி சூடேற்றினோம். எண்பதில் தெர்மோஸ்டாட் திறந்தது. கூலரைத் தொட்டுப் பார்த்தேன், முதலில் ஒரு மூலை வெதுவெதுப்பாகி, அப்புறம் முழுக்கச் சுட்டது. பென்னியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை.

ரோட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சூடு சரியாக இருப்பது பெரிய விஷயமில்லை. நான் ஓட்டிப் பாத்துச் சொல்லட்டுங்களாண்ணா என்றான். என் வண்டியை நான் ஓட்டிக்கொள்கிறேன் என்றேன்.

டிசம்பர் 26, வியாழன்

சாப்பிடும்போது சுகந்தி சொன்னாள். இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அழவில்லை.

“உங்க உசுரு மட்டும்னா நா வாயே தொறக்க மாட்டேனுங்க. அந்த உரிமையெல்லாம் எனக்கு வேண்டாம். ஆனா பக்கத்துல வர்றவனுக்கும் ஊட்ல ஒருத்தி இருப்பாளுங்கல்ல?”

பாதியில் எழுந்துவிட்டேன். எனக்கு எல்லாம் தெரிகிறது. நேரே பார்த்தால் எட்டுக்கால் பூச்சியின் கால்கூடத் தெரிகிறது. ஒரு மனுஷனை அவன் வீட்டில் இருப்பவர்களே குருடன் என்று முடிவு கட்டிவிட்டால் அவன் எங்கே போய் நிற்பான்? காரைப் பிடுங்கிவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது மணல் அச்சும் சர்க்கரை மாத்திரையும்தான். அப்புறம் இருந்து என்ன, இல்லாமல் என்ன.

டிசம்பர் 28, சனி

நாளைக் காலை பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள், நானும் வர்றேன் என்றாள். இந்தக் காரில் அவள் ஏறியதே இல்லை, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள். எதற்கு என்று கேட்டேன்.

“எடது பக்கம் நா பாத்துச் சொல்றேனுங்க. நீங்க ஓட்டுங்க.”

இதை அவள் முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டாம். டிராக்கிலும் சில பந்தயங்களில் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து வழி சொல்வதுண்டு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். அந்தந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியதோ அப்படியே.

வெளிச்சம் நன்றாக வந்தபிறகு கிளம்பினோம். பனி இருந்தது. ஆயில் நிதானமாகச் சூடேறியது, எண்பதில் கதவு திறந்ததும் முள் ஒரு நொடி தயங்கி, அப்புறம் ஏறியது. ஒத்தக்கால்மண்டபம் தாண்டி ரோடு காலியானதும் மிதித்தேன். தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்று எட்டு. அங்கேயே நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நூறைத் தாண்டவில்லை. பதினாறு வரிசை சரியான முடிவு, ஹோஸ் சரியான முடிவு, தெர்மோஸ்டாட் சரியான முடிவு. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சுகந்தி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொன்னபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். எடதுல லாரிங்க. தெரியுது என்றேன். எடதுல பஸ் நிக்குது, ஆளுங்க எறங்கறாங்க. தெரியுது. எடதுல ஒரு பையன் மொபெட்டுல உள்ள வாறானுங்க. தெரியுது, தெரியுது. அவள் சொல்லாமல் இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

ஒரு தென்னந்தோப்பு தாண்டியதும், எடதுல பால்காரர், சைக்கிள்லீங்க என்றாள். பிரேக்கைத் தொட்டு, வலது பக்கம் ஒதுங்கி, தாராளமாக இடம் கொடுத்துத் தாண்டினேன். கேனை ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கிட்டு நடுரோட்டுக்கு வர்றான் பாரு, இவனுக்கெல்லாம் கண்ணு தெரியாதா என்று திட்டினேன். அதற்குமேல் அவள் இடது பக்கத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கொஞ்சதூரம் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். வாந்தி வருகிறதோ என்று நினைத்து நிறுத்தினேன்.

நேராக முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், அந்தப் பால்காரரை நான் பார்த்தேனா என்று. பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தார் என்றாள். இதென்ன கேள்வி என்றுதான் நினைத்தேன். வயசான ஆள், தலையில் துண்டு கட்டியிருந்தான், அலுமினியக் கேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தத் துண்டு எனக்குத் தெரிந்தது. சிவப்புக் கட்டம் போட்டது.

அவள் அழ ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“அப்படி யாருமே வரலீங்க,” என்றாள். “லாரி நெசம். பஸ்ஸு நெசம். அந்த மொபெட்டுப் பையன் நெசம். பால்காரர மட்டும் நா பொய்யாச் சொன்னேனுங்க. ரோடு காலியாக் கெடந்துது.”

வந்தான், நான் பார்த்தேன் என்றேன். கோவமாகத்தான் சொன்னேன். அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். இன்னொரு முறை, துண்டு கட்டியிருந்தான் சுகந்தி என்றேன். அந்தமுறை என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

முள் தொண்ணூற்று எட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன். லாரியை நான் பார்த்தேனா, அவள் சொன்னதும் என் மனசு ஒரு லாரியைச் செய்துகொண்டதா? பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை? அந்த வெள்ளைக் காரை? எதுவும் சொல்ல முடியவில்லை. தெரியாமல் போவது ஒன்று. இல்லாததைத் தெரிகிறது என்று சத்தியம் பண்ணுவது வேறு. இத்தனை மாதம் நான் பயந்தது முதலாவதற்குத்தான்.

சுகந்தி பென்னிக்குப் போன் போட்டாள். வண்டியை எடுத்துப் போக அவன் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றான். கீழே இறங்கி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மைல்கல்லின்மேல் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு நாய் நேராக எங்களைப் பார்த்து ரோட்டைத் தாண்டி வந்தது. அதன் காது மடல்வரை எனக்குத் தெரிந்தது.

“நாயா?” என்று கேட்டேன்.

“நாய்தானுங்க,” என்றாள்.